நீட்டிய கை

கை நீண்டது உண்மை. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, எனக்கும் இல்லை. இடது கை, தோளுக்கு நேராக, முழங்கை மடங்காமல், முஷ்டி மூடி, விதிப்புத்தகத்தில் படம் போட்டிருப்பானே அப்படியே நீண்டது. கேள்வி அதுவல்ல. கேள்வியைத்தான் இந்த பஸ்ஸில் ஒருவனும் கேட்க மாட்டேன் என்கிறான். மாட்டுத்தாவணியில் ஏறியதிலிருந்து பக்கத்து சீட்டில் சங்கரபாண்டியன் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசுகிறான். நேற்று இறுதிப் போட்டிக்கு ஸ்கோர் எழுதியவன், என்னைப் போலவே பி.டி. வாத்தியார், முப்பது வருஷப் பழக்கம். எனக்காகத்தான் வாதாடுகிறான், பாவம். டிக்கெட் கிழிக்க வந்த கண்டக்டர் அவன் கையிலிருந்த செல்போனில் ஓடிய வீடியோவை எட்டிப் பார்த்து, “என்ன அண்ணாச்சி, கிரிக்கெட்டா?” என்று கேட்கப்போக, பிடித்துக்கொண்டான். சாஃப்ட்பால், பேஸ்பாலுக்குத் தங்கச்சி மாதிரி, பொம்பளைப் பிள்ளைகள் ஆடுவது, மாநில அளவில் கல்லூரிகளுக்கான ஃபைனல், இந்தா இருக்காருல்லா கோமதிநாயகம் சார், இவர்தான் அம்பயர். கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். திருமங்கலம் தாண்டிவிட்டது. வெயில் கண்ணாடி வழியாக இடது கையில் மட்டும் விழுகிறது, அதே கையில், வேண்டுமென்றே விழுவது போல. சட்டைக் கையை இறக்கிவிட்டேன். சங்கரபாண்டியன் கண்டக்டரை விடவில்லை. “பார்க்கிற பார்வைக்கு அவுட்டுதானவே? கேட்சர் பந்தைப் பிடிச்சு, ஓடி வந்தவ கால்ல தொட்டாச்சு. ஆனா பந்து கைக்கு வர்ற முன்னாடியே அந்தப் புள்ள பாதையில வந்து நின்னுட்டு. வெறுங்கையோட வழியை மறிக்கப்படாது, அது அப்ஸ்ட்ரக்ஷன். மறிச்சா அம்பயர் இடது கையை நீட்டிருவாரு, அதுக்கு மேல அவுட்டும் கிடையாது கிவுட்டும் கிடையாது, ஓடி வந்தவளுக்கு ரன்னு. முடிஞ்சுது மேட்ச்.” கண்டக்டர் வீடியோவை மறுபடி ஓட விடச் சொன்னான். பார்த்தான். “மறிச்ச மாதிரி தெரியலையே அண்ணாச்சி, பந்து கையிலதான இருக்கு?” என்றான். ஒரு டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே சாஃப்ட்பாலைக் கற்றுக்கொண்டவன் அவன், அவன் கண்ணுக்கே மறித்தது தெரியவில்லை.

வீடியோவில் நான் இல்லை. யாரோ ஒரு பிள்ளை பக்கவாட்டிலிருந்து எடுத்தது. மூன்றாவது பேஸிலிருந்து செங்கமலம் கல்லூரிக்காரி ஓடி வருகிறாள், தென்கரைக் கல்லூரி கேட்சர், ரன் எடுக்க ஓடி வந்து தொட வேண்டிய ஹோம் பிளேட்டுக்கு முன்னால் முட்டி மடக்கி நிற்கிறாள், புழுதி, புழுதி, அப்புறம் திரையின் ஓரத்தில் ஒரு கை. என் கை. அம்பயர் முகத்தில் மாட்டுகிற மாஸ்க்கைப் பிடித்தபடி நீண்டிருக்கிறது. கைக்குச் சொந்தக்காரன் எங்கே, என்ன செய்துகொண்டிருக்கிறான் என்று வீடியோ சொல்லாது. நான் சொல்ல வேண்டும். சொல்கிறேன், எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், இந்த டயர்ச் சத்தத்தில் மனசுக்குள் எத்தனை உரக்கச் சொன்னாலும் யாருக்கும் கேட்காது. ஏழாவது இன்னிங்ஸ், அதாவது கடைசி. மூன்றுக்கு மூன்று, ஸ்கோர் சமம். பந்தை அடித்தவள் மட்டையைப் போட்டுவிட்டு ஓடினாள். மட்டை உருண்டு வந்து ஹோம் பிளேட் பக்கத்தில், நான் நிற்க வேண்டிய இடத்தில் கிடக்கிறது. அந்த மாதிரி நேரத்தில் அம்பயர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, மட்டையைக் காலால் தள்ளிவிட்டு ஆட்டத்தைப் பார்ப்பது. அம்பயர் வகுப்பில் முதல் நாள் பாடம். நான் காலைத் தூக்கினேன். தூக்கிய கால் நின்றுவிட்டது. மட்டையைக் காலால் உதைப்பதா? முப்பத்தொரு வருஷமாக மைதானத்தில் எந்தப் பிள்ளையின் கால் எந்தச் சாமான் மேல் பட்டாலும், பந்தோ மட்டையோ ஈட்டியோ, தொட்டுக் கண்ணில் ஒத்திக்கொள்ள வைத்தவன் நான். ஒத்திக்கொள்ளாத பிள்ளையை மைதானத்தைச் சுற்றி ஓட விட்டிருக்கிறேன். சரஸ்வதி பூஜைக்கு அத்தனைக்கும் சந்தனம் வைப்பவன். உதைக்க வேண்டாமென்று இழுத்த கால் சரியாக மட்டையின் கைப்பிடி மேலேயே இறங்கியது. மிதித்துவிட்டேன். மிதித்தால் என்ன செய்வோம்? குனிந்தேன். வலது கையால் மட்டையைத் தொட்டேன். கண்ணில் ஒத்திக்கொண்டேன். விழுந்துவிடக் கூடாதே என்று இடது கை, கழற்றின மாஸ்க்கைப் பிடித்திருந்த இடது கை, பக்கவாட்டில் நீண்டது. அவ்வளவுதான். மாநில இறுதிப் போட்டியின் கடைசி ரன் என் மூக்குக்கு மூன்றடி தூரத்தில் நடந்துகொண்டிருந்தபோது நான் மட்டையைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். நான் பார்த்தது மட்டையின் கைப்பிடியில் சுற்றியிருந்த நீல டேப். அதன் நுனி பிரிந்து தொங்கியது. அதை மட்டும் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

நிமிர்ந்தபோது எல்லாம் முடிந்து, புழுதிக்குள் இரண்டு பிள்ளைகளும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். செங்கமலம் கோச் மூன்றாவது பேஸ் பக்கமிருந்து, “அப்ஸ்ட்ரக்ஷன்! அம்பயர் கை நீட்டிட்டாரு! கை நீட்டிட்டாரு!” என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார். அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். இன்னும் நீண்டிருந்தது. மடக்கியிருக்கலாம். இல்லை, கால் இடறிற்று, நான் கவனிக்கவில்லை, பேஸ் பக்கம் நிற்கிற இன்னொரு அம்பயரைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம். அதைச் சொல்ல எத்தனை விநாடி ஆகும்? நேற்றிலிருந்து சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன், நான்கு விநாடி. நான்கு விநாடியும் இருந்தது, வாய்தான் வரவில்லை. ஏன் வரவில்லை? காட்டின சிக்னலைத் திரும்ப எடுக்காதே, எடுத்தால் அன்றோடு அம்பயர் வேலை போச்சு என்று வகுப்பில் சொன்னார்களே, அதனாலா? அதெல்லாம் பொய், இப்போது ஜோடிக்கிறேன். வெட்கம். அவ்வளவுதான். கேலரியில் ஐந்நூறு பேர் முன்னால், மட்டையைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வெட்கம். சிரிப்பார்களே. வாழ்க்கையில் முதல் மாநில ஃபைனல், வருகிற மே மாதம் ரிட்டயர்மெண்ட், அதற்குள் ஒரு தடவை ஃபைனலில் அம்பயர் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டுமென்று எத்தனை கடிதம் எழுதியிருப்பேன். “ரன் ஸ்கோர்ஸ்” என்றேன். குரல் கணீரென்று வந்தது, அதுதான் அசிங்கம். வாழ்நாளில் அப்படிக் கணீரென்று நான் எதையும் சொன்னதில்லை.

அப்பீல் செய்தார்கள். தென்கரைக் கோச் கஸ்தூரி மேடம் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். கமிட்டி பத்தே நிமிஷத்தில் தள்ளிவிட்டது. அம்பயர் கண்ணால் பார்த்துச் சொன்ன தீர்ப்பின் மேல் அப்பீல் கிடையாது, விதி அப்படி. கண்ணால் பார்த்துச் சொன்ன. அந்த வார்த்தையைக் கமிட்டிச் செயலாளர் வாசித்தபோது நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன், புரையேறியது. மேடம் என்னைப் பார்த்து, “நீங்க பார்த்தீங்களா சார்? அதை மட்டும் சொல்லுங்க” என்று கேட்டார். கேட்டது அவர் ஒருவர்தான். எனக்குப் பதிலாகச் சங்கரபாண்டியன் பாய்ந்தான். “என்ன மேடம் இப்படிக் கேக்கீங்க? தரையோட தரையா குனிஞ்சு பார்த்தாரு மேடம், ஐந்நூறு பேரு பார்த்தோம். இந்த வயசுல யாரு அப்படிக் குனிவா?” கமிட்டியில் மூன்று பேரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேனா? ஆட்டியிருப்பேன். ஜெயித்த அணி தேசியப் போட்டிக்குப் போகும். தேசியப் போட்டியில் ஆடிய சான்றிதழ் இருந்தால்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு விண்ணப்பிக்க முடியும், தோற்ற அணியின் சான்றிதழை வைத்து எதுவும் செய்ய முடியாது. பெயர்ப் பட்டியல் இன்று மதியம் இரண்டு மணிக்கு டெல்லிக்குப் போகிறது. இப்போது மணி பத்தே முக்கால். இரண்டு மணி வரைக்கும் நேரம் இருக்கிறது என்பதுதான் என்னைக் கொல்கிறது. நேரமே இல்லை என்றால் நிம்மதியாகக் கண்ணை மூடலாம்.

தோற்றுப்போன அந்தத் தென்கரைப் பிள்ளைகள் இந்த பஸ்ஸில்தான் இருக்கிறார்கள். ஏறும்போது தெரியாது. விருதுநகர் பைபாஸில் பஸ் குலுங்கியபோது பின்னாலிருந்து ஏதோ உருண்டு வந்து என் செருப்பில் முட்டியது, மஞ்சள் பந்து. எடுக்க வந்த பிள்ளை “சாரி” என்று குனிந்தவள் என் முகத்தைப் பார்த்ததும் பந்தை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாள். அப்புறம் பின்பக்கம் பேச்சு நின்றுவிட்டது. பதினாலு பிள்ளைகள் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினால் பிடரியில் தெரியும். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே ஒவ்வொருத்தியும் எங்கே இருக்கிறாள் என்று தெரிகிறது, கடைசி நீள சீட்டில் கிட் பையை மடியில் வைத்துக்கொண்டு முத்துப்பேச்சி. கேட்சர். சாத்தூர்ப் பக்கம், தீப்பெட்டி ஆபீசுக்குக் கூலி வேலைக்குப் போகிற அம்மா, இவள் மூன்றாம் வருஷம், இனிமேல் கல்லூரி அணியில் ஆட முடியாது. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? பரிசளிப்பின்போது கஸ்தூரி மேடம் யாரிடமோ சொன்னார், காது நீட்டிக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. நல்ல கேட்சர். நான் கண்டிப்பாகச் சொல்வேன், ஆறு இன்னிங்ஸும் அவள் முதுகுக்குப் பின்னாலேயே நின்றிருக்கிறேன், ஒரு தடவைகூடப் பாதையில் கால் வைக்கவில்லை. ஒரு தடவைகூட. அப்படிப்பட்டவள் ஏழாவதில் மட்டும் வைப்பாளா? வைக்கலாம். பதற்றத்தில் வைக்கலாம். வீடியோவில் பதினோராவது விநாடியில் அவள் முழங்கால் கொஞ்சம் முன்னால் வருவது போல இல்லையா? இருக்கிறது. நேற்று பார்த்தபோது இல்லை, இன்று இருக்கிறது. இதுதான் எனக்குப் பயம். நாற்பது தடவை பார்த்தாயிற்று. புழுதிக்குள் அவள் கால் ஒவ்வொரு தடவையும் ஒரு அங்குலம் முன்னால் வருகிறது. இப்படியே போனால் இந்த வாரக் கடைசிக்குள் அவள் நடு வழியில் பாய் விரித்துப் படுத்திருப்பாள், நானும் அதைக் கண்ணால் பார்த்தேன் என்று அடித்துச் சொல்வேன், பொய் சொல்கிறேன் என்று எனக்கே தெரியாது. நீல டேப்பை விட்டுவிடக் கூடாது. கண்ணை மூடி அதைத் தேடினேன். வந்தது. ஆனால் நுனி பிரிந்திருந்ததா, ஒட்டியிருந்ததா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

செல்போன் அடித்தது. செயலாளர். ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, யாரோ எல்லாவற்றையும் பார்த்து அவரிடம் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்தேன், உடம்பெல்லாம் இறுக்கம் விட்டுப் போயிற்று, அப்பாடா என்றிருந்தது. “சார், ஊரு போய்ச் சேர்ந்துட்டீங்களா? ஒண்ணுமில்ல, நேத்து நீங்க எடுத்த முடிவைத்தான் எல்லாரும் பேசிட்டிருக்கோம். கடைசி பால்ல அந்த மாதிரி கை நீட்ட ஒரு தைரியம் வேணும் சார். தேசியப் போட்டிக்கு அம்பயர் பட்டியல் போகுது, உங்க பேரையும் சேர்த்திருக்கோம்.” இப்போது சொல்ல வேண்டும். நான்கு விநாடி வாக்கியம் நாக்கிலேயே இருக்கிறது. “சார், நான் ஒண்ணு சொல்லணும்” என்றேன். “சொல்லுங்க சார்.” சங்கரபாண்டியன் பேச்சை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்த்தான், கண்டக்டரும் பார்த்தான். மட்டை. மட்டையை மிதித்தேன் சார். தொட்டுக் கண்ணில் ஒத்திக்கொண்டேன் சார். அப்புறம்? அப்புறம் கமிட்டி மறுபடி கூட வேண்டும், செங்கமலம் பிள்ளைகள் கழுத்திலிருந்து மெடலைக் கழற்ற வேண்டும், அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? முப்பத்தொரு வருஷம் நான் ஊதிய ஒவ்வொரு விசிலும் அதோடு பொய்யாகும், என் பள்ளிக்கூடத்துப் பையன்கள் மட்டையைத் தொட்டுக் கும்பிட்டு நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள், நன்றாகவே நடிப்பார்கள், அதுகளுக்கு அதெல்லாம் கைவந்த கலை. சொன்னாலும் செயலாளர் நம்புவாரா? பெருந்தன்மை என்பார். பயந்துவிட்டீர்களா, யாராவது மிரட்டினார்களா என்பார். இந்த உலகத்தில் அந்தக் கை ஏன் நீண்டது என்று தெரிந்தவன் ஒருவன், அவன் சொன்னால் நம்ப யாருமில்லை. “சார்? லைன்ல இருக்கீங்களா?” என்றார். “பயணப்படி ஃபாரம் எங்க அனுப்பணும்னு கேக்கத்தான்” என்றேன். முகவரி சொன்னார். எழுதிக்கொள்வது போல உம் கொட்டினேன். சங்கரபாண்டியன் என் தொடையில் தட்டி, “நேஷனல் அம்பயர்! ஓய் கண்டக்டர், பார்த்தீரா, நான் சொல்லல?” என்றான். கண்டக்டர் மரியாதையாகச் சிரித்தான். அவனும் அத்தோடு தன் தீர்ப்பை மாற்றிக்கொண்டான் என்று நினைக்கிறேன், வீடியோவைத் திரும்பக் கேட்கவில்லை.

சாத்தூருக்கு முன்னால் ஒரு ஓட்டலில் பஸ் பத்து நிமிஷம் நின்றது. இறங்க வேண்டாமென்றுதான் இருந்தேன், முழங்கால் மரத்துப்போயிருந்தது, இறங்கினேன். டீ வாங்காமல் பஸ்ஸின் நிழலில் நின்றேன். டீசல் வாடையும் பருப்பு வடை வாடையும் சேர்ந்து அடித்தது. பதினொன்றே கால். இன்னும் இரண்டே முக்கால் மணி நேரம். சங்கரபாண்டியன் கழிப்பறைப் பக்கம் போனான், போன் என் கையில் இருக்கிறது, பக்கத்தில் யாருமில்லை, இப்போது கூப்பிட்டால் யார் வாயையும் பார்க்க வேண்டாம். செயலாளர் எண்ணை எடுத்தேன். எடுத்து வைத்துக்கொண்டே நின்றேன். திரை அணைந்தது, மறுபடி தொட்டேன், மறுபடி அணைந்தது. இப்படி எத்தனை தடவையோ. “சார், வணக்கம் சார்.” முத்துப்பேச்சி நின்றாள். மைதானத்தில் ஹெல்மெட்டும் மார்புக் கவசமும் போட்டுப் பார்த்ததில் பெரிய ஆளாகத் தெரிந்தவள், சுடிதாரில் ஒல்லியாக, முன்நெற்றியில் ஹெல்மெட் அழுத்திய தழும்போடு நின்றாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டட்டும் என்று நினைத்தேன். அவள் முதல் வார்த்தை கெட்டதாக இருந்தால் நான் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன், நிச்சயமாகச் சொல்லிவிடுவேன், கடவுளே, திட்டச் சொல். “உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும் சார். கோவிச்சுக்கிடக் கூடாது.” “கேளும்மா.” “நான் மறிச்சேன்னு எனக்குத் தோணவே இல்ல சார். நேத்துலருந்து நினைச்சு நினைச்சுப் பாக்கேன். பாதையை விட்டுட்டுத்தான் நின்னேன்னு தோணுது. ஆனா நீங்க அவ்வளவு கிட்டக்க குனிஞ்சு பார்த்திருக்கீங்க. எல்லாரும் சொன்னாங்க. மேடம்தான் சண்டை போட்டாங்க, நான் அவங்ககிட்ட அப்பவே சொல்லிட்டேன், சார் பார்க்காம கை நீட்ட மாட்டாங்கன்னு.”

லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது, அது போகும்வரை அவள் காத்திருந்தாள். “பிள்ளைக எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுட்டேன் சார். பதினாலு பேருக்கும் என்னாலதான போச்சு. ஒண்ணும் சொல்லல அவளுக. சொல்லியிருந்தாத் தேவல. இனிமே நான் ஆடப்போறதில்ல, எங்கம்மா மாப்பிள்ளை பாக்காங்க. ஆனா என்ன தப்பு பண்ணினேன்னு தெரியாமலே போயிரக் கூடாதுல்லா சார்?” கண் கலங்கவில்லை. பாடத்தில் சந்தேகம் கேட்க வந்த பிள்ளையாட்டம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். என்னை நம்பினாள். அத்தனை பேரிலும் அதிகமாக இவள்தான் என்னை நம்பினாள், தன் கால் நின்ற இடத்தைவிட என் கண்ணை நம்பினாள். இவ்வளவு கேவலமாக நான் என்னை ஒருநாளும் உணர்ந்ததில்லை. சொல்லு. இப்போதாவது சொல்லு. பார்க்கவில்லை அம்மா, நீ மறிக்கவில்லை, உன் மேல் தப்பே இல்லை. பார்க்கவில்லை, பார்க்கவில்லை. நான்கு விநாடிகூட வேண்டாம், ஒரே வார்த்தை. வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள். “எந்தக் காலு சார்?”

“வலது கால்” என்றேன்.

யோசிக்கவே இல்லை. கணீரென்று வந்தது. அவள் தலையாட்டினாள், ரொம்ப நேரமாகத் தேடிய ஒன்று கிடைத்தாற்போல ஒரு நிம்மதி அந்த முகத்தில், எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார். பின்பக்க வாசலில் மற்ற பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக ஏறிக்கொண்டிருந்தார்கள். அவள் போகவில்லை. அந்த எண்ணெய்ச் சேற்றுத் தரையில், முட்டியை மடக்கி, கையுறை இல்லாத கையைப் பந்துக்கு நீட்டி, வலது காலை மெதுவாகப் பின்னுக்கு இழுத்து வைத்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“இப்படியா சார்?”

“இன்னும் கொஞ்சம் பின்னால” என்றேன்.